ஜீப் சீட்டுக்கு அடியில் அக்காவின் பெட்டி

எங்கள் அன்பு அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும் பொறுப்பை வீட்டில் எல்லோரும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவனுக்கு எழுத்து எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "நீதான் வாய் ஓயாம பேசுவியே மச்சான், அதையே எழுது" என்று அக்காவின் கணவரான மாமா சொல்லிவிட்டார்.

எழுத உட்கார்ந்ததும் முதல் வரியிலேயே குழப்பம். அக்கா பிறந்தது எலவனாசூர்கோட்டை, அதில் சந்தேகமில்லை. எப்போது என்பதில்தான் தகராறு. அடைமழையில் பிறந்தாள் என்பார் அம்மா. கரும்பு வெட்டு நேரம் என்று சித்தப்பா அடித்துச் சொல்வார். பள்ளியில் சேர்த்த ஆசிரியரோ யாரையும் கேட்காமல் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். ஆகவே இம்மலரின் அட்டையில் பிறந்த தேதி இல்லை. அச்சகத்தார் மறந்துவிட்டதாக யாரும் அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போனவர்கள். என்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனவர் அக்காதான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, சில ஆண்டுகளில் கல்வராயன் மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். மாமா வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஜீப் ஓட்டுபவர். முதல் முறை நான் பார்க்கப் போனபோது அக்கா இரண்டு சேலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இங்க வெயிலே கம்மிடா தம்பி" என்று அழாக்குறையாகச் சொன்னார். அப்படிச் சொன்னவர் பிறகு ஒரு நாள்கூட மலையை விட்டு இறங்கி வர ஆசைப்படவில்லை.

மலையில் பஸ் உண்டு, ஆனால் அது வரும் நேரத்தில்தான் வரும். அவசரம் என்றால் ஜீப். மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு காய்ச்சல்காரரும் ஏறுவார், கால் ஒடிந்தவரும் ஏறுவார். ஒரு நாள் அரிவாள் பட்டுக் கை கிழிந்த ஒருவரை மாமா ஏற்றிக்கொண்டு போனார். ரத்தம் நிற்கவில்லை. கைக்குக் கிடைத்த துணியால் கட்டிவிட்டார். காயம் சீழ் பிடித்து, அந்த மனிதர் பல வாரம் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். அது எந்தத் துணி என்று தெரிந்ததும் அக்கா மாமாவை விட்டு வைக்கவில்லை. "வண்டி தொடைக்கிற துணியாலயா கட்னீங்க? ஆயிலும் கிரீசுமா கீதே, அந்தக் கை இன்னாத்துக்கு ஆவும்?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அடுத்த வாரம் ஜீப்பின் முன் சீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி வந்துவிட்டது.

பெட்டிக்குள் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பழைய வேட்டியைக் கொதிக்க வைத்து, வெயிலில் காய வைத்து, இஸ்திரி போட்டு மடித்த துணிகள். பஞ்சு, கத்தரிக்கோல், சோப்பு. எலும்பு முறிந்தால் அணை கொடுக்க மூங்கில் பட்டைகள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள். அப்புறம் புட்டிகள்: வேப்பெண்ணெய், தேன், சுக்குப் பொடி, ஓமம். பேர் எழுதி ஒட்டினால் ஜீப் குலுங்குகிற குலுங்கலில் எண்ணெய் கசிந்து எழுத்து அழிந்துவிடும். ஏறுகிறவர்களில் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. அதனால் மேலுக்குத் தடவும் புட்டிக்குச் சிவப்புத் துணி, உள்ளுக்குக் குடிப்பதற்கு வெள்ளைத் துணி என்று கழுத்தில் கட்டியிருந்தார். அந்த ஜீப்பில் ஏறும் எல்லோருக்கும் இது தெரியும். எங்கள் சொந்தக்காரர்களுக்குத்தான் தெரியாது. அடக்கத்துக்கு வந்த எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் தொண்டை கட்டிக்கொண்டது என்று சிவப்புத் துணிப் புட்டியைத் திறந்து ஒரு வாய் வேப்பெண்ணெய் குடித்துவிட்டார். அத்தனை அழுகைக்கு நடுவிலும் அக்கா இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்று தோன்றி எனக்கு இன்னும் அழுகை வந்தது.

பெட்டியில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதில் அக்கா கண்டிப்பானவர். "பாம்புக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. மூங்கில வச்சிக் கட்டி, கால ஆட்டாம வண்டியில ஏறு. பேசிக்கினு நிக்காத" என்பார். நெஞ்சு வலிக்கும் அதேதான். "நெஞ்சு வலிக்குதுன்னா பெட்டியப் பாக்காத, ரோட்டப் பாரு" என்று அவர் சொன்னதைக் கேட்காதவர்கள் அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால்தான் என் குழப்பம் உங்களுக்குப் புரியும்.

கடைசி நாளன்று மதியம், பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமா ஜீப்பை எடுத்தார். அக்காவின் நெற்றியெல்லாம் வியர்வை. "இன்னா ஒனக்கு இப்டி வேர்க்குது?" என்று கேட்டிருக்கிறார். "அடுப்பாண்ட நின்னேன், அதான்" என்று பதில். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. மலை இறங்கும் வழியில் டவர் கிடைத்த வளைவில் வண்டியை நிறுத்தி போன் செய்தார். திரும்பி வரட்டுமா என்று கேட்டார். "வாயுதாங்க. ஓமத் தண்ணி குடிச்சா சரியாப் பூடும். அந்தப் பொண்ண மொதல்ல இட்டுனு போங்க. வண்டியத் திருப்பாதீங்க" என்றாராம் அக்கா.

பெட்டி ஜீப்போடு போய்விட்டது. அக்கா அடுத்த வீட்டு சின்னப்பொண்ணு அம்மாவிடம் போய், "வயிறு உப்பினு கீது, கொஞ்சம் ஓமம் கொதிக்க வச்சிக் குடு" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். சற்று நேரத்தில் சுருண்டு விழுந்தார். அங்கிருந்தவர்கள் ஒரு பால் வேனை நிறுத்தி ஏற்றினார்கள். பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாமா மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். பாதி மலையில் வேனும் ஜீப்பும் எதிரெதிரே நின்றன. அதற்குள் அக்கா போய்விட்டார்.

மாரடைப்பு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அது அக்காவுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தேதான் சொன்னாள், வண்டி திரும்பிவிடக் கூடாதென்று பொய் சொன்னாள் என்கிறார் மாமா. என் மனைவி ஒப்புக்கொள்வதில்லை. "உங்க வூட்ல யாருக்கு இன்னா வந்தாலும் வாயுதான். தோள் வலின்னாலும் வாயு, முதுகு புடிச்சாலும் வாயு. அண்ணியும் அப்டித்தான் நெனச்சிருப்பாங்க" என்கிறாள். அவள் சொல்வதும் பொய்யில்லை. எங்கள் அப்பா பல் வலியையே வாயு என்று சொன்னவர். ஊருக்கெல்லாம் ரோட்டைப் பார்க்கச் சொன்னவர் தன் நெஞ்சை மட்டும் ஏன் வாயுக் கணக்கில் விட்டார்? காலையில் மாமா சொல்வது சரியென்று படுகிறது, கடையை மூடும்போது மனைவி சொல்வது சரியென்று படுகிறது. ஒரு வண்டி ஏன் நின்றது என்று கேட்டால் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவேன். இதைத் திறந்து பார்க்க எனக்கு வழி தெரியவில்லை. ஜீப் திரும்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடமும் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவர்மீது கோபம் வந்தது, பிறகு போய்விட்டது.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். பால் வேன்காரருக்கும், அக்காவைத் தூக்கி ஏற்றியவர்களுக்கும், குளிரில் இரண்டு நாள் எங்களோடு இருந்த வெள்ளிமலை மக்களுக்கும், பங்குத்தந்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று பிறந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் தாய் திருப்பலிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். தயங்காமல் வரட்டும். மாமாதான் ஜீப்பில் போய் அழைத்து வருகிறார்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். சின்னப்பொண்ணு அம்மா அந்த நாளுக்குப் பிறகு எங்கள் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நாங்கள் எதிரே போனால் வேறு பக்கம் போய்விடுகிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அருகில் இருப்பவர் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, உங்களை யாரும் குறை சொல்லவில்லை. அக்காவுக்குத் தெரிந்திருந்தாலும் சரி, தெரியாமல் இருந்தாலும் சரி, அவர் கேட்டதை நீங்கள் கொடுத்தீர்கள். கடைசியாக அவர் ஒருவரிடம் கேட்டது அதுதான், அது அவருக்குக் கிடைத்தது. பெட்டியை மாமா இன்னும் ஜீப்பில்தான் வைத்திருக்கிறார். துணி, பஞ்சு, தேன், சுக்கு எல்லாம் தீரத் தீர வாங்கி வைக்கிறார். வெள்ளைத் துணி கட்டிய ஓமப் புட்டி மட்டும் காலியாகவே கிடக்கிறது. அதில் கை வைக்க எங்களுக்கு மனசு வரவில்லை. திருப்பலிக்கு வரும்போது உங்கள் வீட்டு ஓமத்தில் ஒரு பிடி எடுத்து வாருங்கள்.