பெட்டிக்கு முகம் வைத்த கதை

வீட்டில் இருந்து எலெக்ட்ரோனிக்ஸ் பெட்டி கட்டுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: உள்ளே எல்லாம் எவ்வளவு சுத்தமாக வேலை செய்தாலும், சனம் பார்ப்பது முன்பலகையைத்தான். ஊர்காவற்றுறையில் எட்டு வருடமாக இதைச் செய்கிறேன். சுவிச் துளையை அராவி அராவி விரல் தேய்ந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

மார்க்கர் எழுத்து

புளியங்கூடலில் ஒரு கோயிலுக்கு அம்ப்ளிபையர் செய்தேன். அலுமினியத் தகட்டில் 'மைக்', 'பாட்டு', 'சத்தம்' என்று மார்க்கரால் நானே எழுதினேன். நாதஸ்வரக்காரர் வாசிக்க, ஒலி கணீரென்று கேட்டது. கோயில் தலைவர் கண்ணை மூடி ரசித்தார். பிறகு கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். "தம்பி, சத்தம் திறம். ஆனா இதைச் சனம் பாக்கிற இடத்தில வைக்க ஏலாது."

உப்புத் தண்ணி

அதற்குப் பிறகு எழுத்தைக் கணினியில் அடித்து, தாளில் அச்செடுத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டத் தொடங்கினேன். எழுவைதீவு அந்தோனி அண்ணையின் படகுக்கு அப்படியொரு சுவிச் பெட்டி கொடுத்தேன். இரண்டே மாதத்தில் உப்புத் தண்ணி இறங்கி எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. ஒருநாள் காலை படகுக்குள் தண்ணி ஏறியிருக்கிறது. அண்ணை வலையோடு மல்லுக்கட்ட, அன்றுதான் தொழிலுக்கு வந்த மச்சானிடம் பம்பைப் போடச் சொல்லியிருக்கிறார். எது பம்ப் என்று அந்த மனுசனுக்குத் தெரியவில்லை. நாலாவது சுவிச்சில்தான் பம்ப் ஓடியதாம்.

அடுத்த பலகைக்கு, எழுத்தை இடம் வலம் மாற்றிக் கண்ணாடித் தாளில் அச்சடித்து, தடித்த அக்ரிலிக்கின் பின்பக்கம் ஒட்டி, ஓரமெல்லாம் சிலிக்கன் பூசினேன். இனி அச்சைத் தண்ணி தொட வழியில்லை. அண்ணை பலகையை ஒரு வாளி கடல்தண்ணிக்குள் அமுக்கிவிட்டு, தேத்தண்ணி குடித்து முடித்துத்தான் எடுத்துப் பார்த்தார். "ஓம், எழுத்து நிக்குது. இனி மச்சான் வாசிக்கப் பழகோணும்."

விரலுக்கு எழுத்து

இறுப்பிட்டி மலர் அக்காவுக்குப் பார்வை போய்விட்டது, தனியாக இருக்கிறார். அவருடைய கிணற்று மோட்டருக்கு ஒரு பெட்டி கொண்டுபோனேன். கறுப்புப் பலகை, பொன் எழுத்து. அதுவரை நான் செய்ததில் அதுதான் திறம். அவர் விரலால் தடவிப் பார்த்தார். "வழுவழுவெண்டு இருக்கு தம்பி. இதில எது நிப்பாட்டிறது?" என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து, போடுகிற பொத்தானைச் சுற்றி ஒரு வளையமும், நிப்பாட்டுகிற பொத்தானுக்கு மேலே இரண்டு திருகாணித் தலையும் வைத்தேன். பொன் எழுத்தின் வடிவு கெட்டதுதான். அக்கா ஒருமுறை தடவினார். தானே மோட்டரைப் போட்டார், நிப்பாட்டினார், திரும்பப் போட்டார். தாங்கியில் தண்ணி விழுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "இப்பதான் இந்தப் பெட்டி எனக்கு முகம் காட்டுது."

வெளிநாட்டுச் சாமான்

வேலணையில் ஒரு வீட்டில் நான் செய்த சோலார் பெட்டியைச் சுவரில் பூட்டிக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரரின் தம்பி கனடாவில் இருந்து வந்திருந்தார். அவர் பலகையைத் தட்டிப் பார்த்து, இதை எங்கே வாங்கியது என்று கேட்டார். நான் வாய் திறக்கமுன் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஜேர்மன் சாமான். இவர் சும்மா பூட்டத்தான் வந்தவர்."

அன்றிலிருந்து பலகையின் மூலையில் என் பெயரையும் அச்சடிக்கிறேன், மிகச் சின்ன எழுத்தில்தான், வடிவு கெடக்கூடாது பாருங்கள்.