ததேயுஸ் உடுத்திய கட்டம்

பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் டிரங்குப் பெட்டியும் முறுக்கு மீசையுமாக வந்தார்கள். குலசேகரம் ததேயுஸ் கொண்டுவந்தது ஒரு பேக்பைப். காலையில் ரப்பர் பால்வெட்டு முடிந்ததும் பையைக் கக்கத்தில் இடுக்கித் தோட்டமே அதிர ஊதுவான். நாலு பேரைச் சேர்த்து ஒரு பேண்ட் செட்டும் தொடங்கிவிட்டான். 1951இல் முதல் அழைப்பு வந்தது, கங்காணி சிலுவையின் மகள் கல்யாணத்துக்கு. அங்கே பேர் கெட்டால் பிறகு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

அது தெரிந்தும், கில்ட் என்னும் கட்டம்போட்ட மடிப்புப் பாவாடை உடுத்தித்தான் ஊதுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான் மனுஷன். பட்டாளத்தில் அவன் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்கள் அப்படித்தான் ஊதினார்களாம்.

குழித்துறைத் துணிக்கடையில் சாரம் எனப்படும் கைலிகளை அரைநாள் புரட்டினான். சிவப்புக் கட்டம் கண்ணைப் பறித்தது. ஆனால் மெல்லிய துணி, காற்றடித்தால் மானம் போய்விடும். கடைசியில் கரும்பச்சையும் நீலமும் கலந்து மஞ்சள் கோடு ஓடிய தடித்த போர்வைத் துணியில் கை நின்றது.

“போர்வை யாருக்குவே? வீட்ல ஆருக்கும் சொகமில்லியா?” என்றார் கடைக்காரர்.

“உடுக்கதுக்கு” என்றான் ததேயுஸ். அவர் துணியை அளந்து வெட்டினார்.

மனைவி செசிலி தைத்தாள். சேலைக் கொசுவம்போல மடிப்பையெல்லாம் முன்பக்கம் வைத்துவிட்டாள். உடுத்திக் கண்ணாடி பார்த்தவனுக்கு மாமியார் ஞாபகம் வந்தது.

“மடிப்பு பின்னால வரணும்ட்டி. முன்னால தட்டையா இருக்கணும்.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைத்தாள். பேண்ட் செட்டில் எல்லோரும் உடுத்த வேண்டும் என்றபோது முரண்டு பிடித்தது முரசடிக்கும் கபிரியேல்தான்.

“கட்டம் போட்டா அது சாரம், அண்ணே. வீட்ல கெடக்கதுக்கு உடுக்கது. கோயிலுக்கு வெள்ள வேட்டிதான். எனக்கு வேண்டாம்.”

மற்ற மூவரும் அவன் பக்கம். ததேயுஸ் ஒற்றை ஆளாகக் கில்ட் உடுத்திப் போனான்.

கோயில் முற்றத்தில் சிரிப்பு வெடித்தது. “படுக்கைலேருந்து அப்படியே எழும்பி வந்துட்டாரு!” சிலுவையின் முகம் சுண்டிப்போனது.

“இத மாத்திட்டு வா. இல்லேங்கி ஊதாண்டாம்.”

ததேயுஸுக்கு அழுகையே வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டான்.

“ஒரே ஒரு பாட்டு, அண்ணாச்சி. பிடிக்கலேங்கி போயிருதேன்.”

ஊதியபடி முற்றத்தின் கோடிவரை நடந்தான். அடிக்கு அடி பின்மடிப்பெல்லாம் ஒருசேர விரிந்தன, ஒருசேர அடங்கின. திரும்பும்போது அந்தப் போர்வைத் துணி குடைபோலச் சுழன்றது. கூட்டம் எட்டிப் பார்க்க முண்டியடித்தது. எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் இன்னும் கோபம்தான், முதலில் சிரித்ததற்கு.

மணப்பெண் சகாயசெல்வி முக்காட்டை விலக்கினாள்.

“அப்பா, அந்த மாமாவே முன்னால போட்டும்.”

ஊர்வலம் முழுக்க ததேயுஸ் முன்னால் நடந்தான். கபிரியேல் வெள்ளை வேட்டியில் பின்னால் முரசடித்தான். அவன் கண் அந்த மடிப்பைவிட்டு அகலவில்லை.

பந்தி முடிந்ததும் அவன் செசிலியிடம் மெல்ல வந்து நின்றான்.

“மைனி, எனக்கும் ஒண்ணு தைக்கணும். அண்ணனுக்க துணிதான் வேணும். மடிப்பு ஒண்ணுகூடக் கொறயாண்டாம்.”