முட்டை வேண்டும், கோழி வேண்டாம்

ஜெர்மானியர்கள் காலையில் அவித்த முட்டையைச் சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி, ஆறிவிடக் கூடாதென்று அதற்குக் கம்பளிக் குல்லாய் பின்னிப் போடுவார்கள். முட்டைக்கு அவ்வளவு மரியாதை. அதைப் போட்ட கோழி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முறை கொக்கரித்துவிட்டால் மட்டும் குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டிவிடுவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் எசன் நகரத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த குடியிருப்பில் இந்தக் கூத்தைக் கண்ணாரப் பார்த்தேன்.

என் கணவர் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். பகல் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டு விதவைதான். என் ஜெர்மன் எல்லாம் அவருடைய கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கற்றது. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில் கிழக்கே இருந்த பண்ணையை விட்டு ஓடிவந்தவர் அவர். கிளம்பும்போது கூண்டைத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாராம். இங்கே தோட்டத்து மூலையில் ஐந்து பெட்டைகள் வளர்த்தார். ஆனால் அந்தக் கூண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கதவுக்கு ஒரு செங்கல்லைச் சாய்த்து வைப்பார். மறுபடி தான் ஓட நேர்ந்தால் அவை தாமாகவே தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்பார்.

புதிதாக வந்த சங்கத் தலைவர், தோட்டங்களில் கோழி கூடாது, இலையுதிர் காலத்துக்குள் அகற்ற வேண்டும் என்று விதி போட்டார். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அந்த ஊரில் சத்தமே கூடாத ஓய்வு நேரம், கிட்டத்தட்ட ஊரடங்கு. அந்த நேரத்தில் கோழி கொக்கரிக்கிறதாம். அவருடைய நாய் குரைத்தால் அது காவல், சர்ச் மணி அடித்தால் அது பக்தி, கோழி வாயைத் திறந்தால் மட்டும் சத்தம்.

"இன்னொரு தடவை கூண்டைத் திறந்து கோழிகளைக் கைவிட என்னால முடியாது" என்றார் விதவை. விதியை மாற்றச் சொல்லிக் கூட்டத்தில் கேட்கலாம் என்றால், அவருக்குக் கூச்சம். அவருடைய கிழக்கத்திப் பேச்சைக் கேட்டு இவர்கள் சிரிப்பார்கள். என் பேச்சுக்கும் சிரிப்பார்கள்தான். சிரிக்கட்டுமே, நான் பேசுகிறேன் என்றேன்.

"நமக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார் என் கணவர். அவர் வாழ்க்கையில் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டேன். ஒருவராவது உள்ளே வா என்று சொல்ல வேண்டுமே! கதவைக் கால்வாசி திறந்து, "பார்க்கலாம்" என்பார்கள். ஓர் அம்மாள், முட்டை அருமைதான், ஆனால் கோழி இருந்தால் இடம் கிராமம் மாதிரி ஆகிவிடும் என்றார். அவர் தோட்டத்தில் சிவப்புத் தொப்பி போட்ட சிமெண்ட் குள்ளர்கள் வரிசையாக நின்று பல்லிளித்துக்கொண்டிருந்தார்கள். அது நகரமாம்.

பியர் கடையின் பின்னறையில் கூட்டம். ஐந்து பெட்டைகள் போதும், சேவல் வேண்டாம், காலை எட்டு மணி வரையும் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரையும் கூண்டு மூடியிருக்கும் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்து உட்கார்ந்தேன். உடனே அத்தனை பேரும் விரல் முட்டியால் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிடிக்காத வாத்தியாரை விரட்டத்தான் பையன்கள் பெஞ்சைத் தட்டுவார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. மறுபடி எழுந்தேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "உங்க கிறிஸ்துமஸ் கேக்குக்கு யார் வீட்டு முட்டை? உங்க மனைவி படுத்த படுக்கையா இருந்தப்போ சூப்புக்குக் கோழி அறுத்துக் கொடுத்தது யாரு? வெள்ளிக்கிழமை வண்டியில வர்ற பொரிச்ச கோழி மரத்துலயா காய்ச்சுது?" ஒவ்வொருவராகக் கை நீட்டிக் கேட்டேன். தலைவரையும் விடவில்லை. பிறகு ஓட்டெடுப்பு. தயங்கித் தயங்கிக் கைகள் உயர்ந்தன. எண்ணிப் பார்த்த தலைவரே கடைசியில் தன் கையையும் தூக்கினார். விதி மாறியது.

வெளியே வந்ததும் விதவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேசையைத் தட்டினது பாராட்டுக்கு. நீ அப்பவே ஜெயிச்சாச்சு."

வீட்டில் சொன்னேன். "ஆமா, இங்க அப்படித்தான். லெக்சர் முடிஞ்சா எனக்கும் தட்டுவாங்க" என்றார் என் கணவர், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல். இதைக்கூடச் சொல்லித்தராத மனிதர் என்ன ஆராய்ச்சி செய்தாரோ.

யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பாராட்டாம்! மேசையைத் தட்ட என்ன கஷ்டம்? அவர்கள் கையை மேலே தூக்க வைத்தது என் திட்டுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தலைவர் காலிக் கிண்ணத்தோடு விதவையின் தோட்டத்துக்கு அசடு வழிய வந்து நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விதவை கிண்ணத்தை முட்டைகளால் நிரப்பி அனுப்பினார். பிறகு கொட்டகையிலிருந்து ஒரு புதுத் தாழ்ப்பாளும் திருப்புளியும் எடுத்து வந்தார். நான் திருகாணிகளை நீட்ட நீட்ட, அவர் கூண்டுக் கதவில் தாழ்ப்பாளைப் பொருத்தினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். செங்கல்லைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, சாப்பிட உள்ளே போனார்.