அக்காவின் மகளுக்காகப் படித்த பிரெஞ்சு

பிரான்சில் அக்கா இறந்தபோது அவளுடைய மகளுக்கு ஒன்பது வயது. தகப்பன் முன்னரே விட்டுப் போய்விட்டான். பிள்ளையை அங்குள்ள அரசாங்கம் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தது. இங்கே கூட்டிவர எங்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாதத்தில் ஒருமுறை, அதிகாரி அம்மா ஒருவர் பக்கத்தில் இருக்க, விசுவமடுவில் இருக்கும் எங்களோடு அவள் வீடியோவில் கதைக்கலாம். அக்கா வீட்டிலும் பிரெஞ்சிலேயே கதைத்து வளர்த்ததால் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. எங்கள் முகங்களைப் பார்த்தபடி பேசாமல் இருப்பாள். இப்படியே போனால் எங்களை மறந்துவிடுவாள் என்ற பயத்தில், வயல் வேலைக்கு நடுவே, நாற்பத்தொரு வயதில் நான் கிளிநொச்சியில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன்.

மற்ற எல்லோரும் பிரான்சில் இருக்கும் கணவரிடம் போகக் காத்திருந்த பெண்கள். டீச்சர் வினைச்சொற்களை அசை அசையாக வெட்டிக் கரும்பலகையில் எழுதுவார். நான் அவற்றைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொள்வேன். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் என்ற மூன்றையும் வேறு வேறாக எழுதிவிட்டு, வாயால் ஒரே 'பார்ல்' என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு என்ன கோதாரிக்கு அந்த எழுத்துகள் என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனால் 'நாங்கள்' என்பதற்கான 'நூ'வின் கடைசியில் உச்சரிக்கப்படாமல் செத்துக் கிடக்கும் எழுத்து, அடுத்ததாக உயிரெழுத்து வந்தால் எழும்பி அதோடு ஒட்டிக்கொள்ளும். நூ-ஸே-மோன், நாங்கள் நேசிக்கிறோம். செத்தது எழும்புவது இந்தப் பாஷையில் மட்டும்தான் என்று கசப்போடு நினைத்தேன்.

வரம்பில் நடக்கும்போதும் வாய் அசைபோட்டபடியே இருக்கும். அங்கேயே பிறந்தவன் போல உச்சரிக்கிறேன் என்று டீச்சர் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த அழைப்பில், நாங்கள் உன்னை நேசிக்கிறோம், உனக்காகக் காத்திருக்கிறோம் என்று பிசகில்லாமல் சொன்னேன். பிள்ளையின் கண்கள் விரிந்தன. பிறகு அவள் கதைக்கத் தொடங்கினாள். அழுதழுது, மூச்சுவிடாமல் கதைத்தாள். எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஏதோ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவ்வளவு நன்றாகப் பேசிவிட்டு முழிப்பதற்கு வெட்கமாக இருந்தது. 'வீ' என்றேன். ஆம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளை எங்களோடு சேர்ந்துவிட்டாள் என்று அன்று முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இரண்டு கிழமை கழித்து அதிகாரி அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் ஃபோனில் வந்தது. டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"வந்து கூட்டிக்கொண்டு போவீங்களோ எண்டு பிள்ளை கேட்டிருக்கிறா. நீங்கள் ஓம் எண்டிட்டீங்கள்."

அன்றிலிருந்து பிள்ளை உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டு வாசலிலேயே இருக்கிறாளாம். பள்ளிக்கூடம் போகிறாளில்லையாம். இனி அழைப்புகள் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள்.

"விளங்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே?" என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

முதல் கிழமையே படித்தது அது. ழ-ந-கோம்-ப்ரான்-பா. ஐந்து அசை. எனக்கு அது வடிவாகச் சொல்ல வரும்.