தொடலாம் என்று எழுதியிருந்த மணி

எனக்கு ஏழு வயதாகும்போது ஒரு தம்பி பிறந்து மூன்றாம் நாளே இறந்துபோனான். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அம்மா யாரிடமும் பேசவில்லை. எதைக் கேட்டாலும் ஒரு தலையாட்டல்தான். அத்தைமார் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி ஓய்ந்தபின், அப்பா தன் புத்திக்கு எட்டிய வைத்தியத்தைச் சொன்னார்: கன்னியாகுமரிக்குப் போய்விட்டு வரலாம். இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவளைக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு கிளம்பிய மனிதர் எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருப்பார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடியதில், லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு இசைக்கருவிக் காட்சிசாலை அகப்பட்டது. வீணை, உடுக்கை, வில்லுப்பாட்டுக் குடம் எல்லாம் கண்ணாடிக்குள் இருந்தன. அப்பா தெரிந்ததும் தெரியாததுமாக விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. செத்த பிள்ளைக்காக இருக்கிற பிள்ளையை மறந்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் ஒரே ஆத்திரம்.

கடைசி அறையில் பழைய மாதாகோவில் மணி ஒன்று தொங்கியது. 'தொடலாம்' என்று எழுதியிருந்தார்கள். காவலுக்கு இருந்த பெண், "அடிச்சுப் பாரு பிள்ளே" என்றாள். எனக்குத் தெரிந்தது ஊரில் சாவுக்கு அடிக்கிற அடி ஒன்றுதான். செத்துச் செத்து விளையாடும்போது மணியடிக்கிறவள் எப்போதும் நான்தானே. கயிற்றைப் பிடித்து ஒன்று அடித்தேன். முழக்கம் அடங்கும்வரை பொறுத்து, இன்னொன்று அடித்தேன்.

"ஏட்டி, நிறுத்து. வேற அடியே கெடைக்கல்லியா ஒனக்கு?" அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"அவள விடுங்க" என்றாள் அம்மா. பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, "நீ அடி மக்ளே. நிப்பாட்டாத" என்றாள்.

அடித்தேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அந்த வெறுந்தரையில் முழங்காலிட்டாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. காவல்காரப் பெண் வெளியே போய்விட்டாள். கை கடுக்கும்வரை அடித்தேன்.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் மணி அடிக்கமாட்டார்கள். தம்பிக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. புதுத் துணியில் சுற்றி அப்பா அவனைக் கொண்டுபோனது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது எனக்கே ஒரு பிள்ளை இருந்தது. என் தம்பிக்கு அடித்த மணி, நான் அன்றைக்கு அடித்தது ஒன்றுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என்னை மடியில் இருத்திக்கொண்டாள். "பசிக்கா மக்ளே?" என்று கேட்டாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட கேள்வி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் நல்லா அடிச்சேனாம்மா?"

"நல்லா அடிச்ச."

இன்னொரு நாளும் வந்து இதேபோல அடிக்கலாமா என்று கேட்டேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். நல்லா அடித்தாய் என்று சொன்னவள் இதற்கு ஏன் வாயைப் பொத்துகிறாள் என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன்.