கழுவி வந்த கால்கள்

எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வியாழனுக்குக் கால் கழுவ ஆள் பிடிக்கும் வேலை பல வருடமாக என்னுடையது. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்று மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவி முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: வீட்டிலேயே காலை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டிவிட்டு வாருங்கள். கழுவப்போகிற காலை எதற்குக் கழுவ வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் பட்டியலில் ஒரு புதுப் பெயர் வந்தது. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் கூலிக்கு மருந்தடிப்பவர். அவருடைய தெருவிலிருந்து அதுவரை யாரும் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்ததில்லை. யாரும் தடுத்ததாகச் சொல்ல முடியாது. பெயர் கேட்டு அந்தத் தெருவுக்கு நான் போனதில்லை, அவ்வளவுதான். அந்த வருடம் அவரே வந்தார். "ஒரு தடவ உக்காரணும்ணே" என்றார். எழுதிக்கொண்டேன்.

அதே வருடம்தான் பூசையை யூடியூபில் நேரலையாக விட ஏற்பாடானது. கேமரா காலுக்குப் பக்கத்திலேயே வரும் என்றார்கள். எனக்கு அவருடைய கால் நினைவுக்கு வந்தது.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் ஊற்றிக் காலை விட்டிருந்தார். மனைவி குத்தவைத்து, தேங்காய் நாரால் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மருந்தில் கலக்கும் மயில்துத்தத்தின் நீலம் பித்தவெடிப்புகளுக்குள் ஏறியிருந்தது.

"நாலு நாளா இவளும் தேய்ச்சுப் பாக்குறா. இந்த நீலம் மட்டும் போக மாட்டேங்குதுண்ணே" என்று சிரித்தார்.

"இந்த வருசம் வேணாம் தம்பி. கேமரா வைக்கிறாக. அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்."

மனைவியின் கை நின்றது. "சாமியே சொன்னாகளா?"

"ஆமா" என்றேன். சாமியாருக்கு இது எதுவும் தெரியாது.

"சரிண்ணே" என்றார் அவர். காலைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

வியாழன் மாலை ஓர் ஆள் குறைந்தது. அவருடைய நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிய என் காலில் சாமியார் தண்ணீர் ஊற்றி, துண்டால் துடைத்து, முத்தமிட்டார். துபாயிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, உங்க காலு பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு" என்றாள். வெட்கக்கேடு, எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகும் அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தார். என்னைப் பார்த்தால் அதே வணக்கம். அந்த வணக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுவருடம் பட்டியலில் முதல் பெயராக அவருடையதை எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "சாமி அப்பிடிச் சொல்லல தம்பி. நாந்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்ணே. ஏன் வரலைன்னு சாமி மறுநாளே கேட்டாக."

"என்ன சொன்னீக?"

"கால்ல புண்ணுன்னு சொல்லிட்டேன்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்ள அன்று எனக்கு நாக்கூசியது. இந்த வருடமாவது வந்து உட்காருங்கள் என்று கெஞ்சினேன்.

"வேணாம்ணே. எனக்குத்தான் நாலு நாளு கழுவியாச்சே" என்று மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்த வருடமும் பன்னிரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். எல்லோரும் காலைக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். இப்போதெல்லாம் நான் சொல்ல வேண்டியதுகூட இல்லை.