கண்ணாடிக் கூடத்தில் எட்டு மிருதங்கம்

1. ஒரே ஒரு ‘தொம்’

விஜயதசமிக்கு முந்தின நாள் மாலை. மிருதங்க வாத்தியார் கணேசன் சார் நான் கட்டிக் கொடுத்த புதுக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து ஒரே ஒரு ‘தொம்’ வாசித்தார். கூடம் அதைத் திருப்பி வாசித்தது. பிறகு இன்னொரு முறையும் வாசித்தது.

“என்ன சார் இது? நான் நிறுத்தினப்புறமும் உங்க ரூம் வாசிச்சுண்டே இருக்கே!”

ஆர்க்கிடெக்ட்டுகள் இதற்கென்றே ஒரு பதில் வைத்திருக்கிறோம். “போகப் போக செட் ஆயிடும் சார்.” சொல்லிவிட்டேன்.

மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய சந்தில் அவருடைய பழைய ஓட்டு வீடு. உள்ளே நாலு பிள்ளைகள் உட்கார்ந்தால் ஐந்தாவது மிருதங்கம் வாசலில்தான். அதனால் கொல்லையில் ஒரு வகுப்பறை கேட்டார். பழைய சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காமல், கையளவு இடைவெளி விட்டு, ஸ்டீல் ஃபிரேம் நிறுத்தி, மற்ற மூன்று பக்கமும் மடக்குக் கண்ணாடிக் கதவு போட்டேன். வெயில் பார்த்தேன். ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரைப் பார்த்தேன். மிருதங்க வகுப்புக்குக் கூடம் வரைந்தவன் சத்தத்தைப் பார்க்கவில்லை. விடிந்தால் எட்டுப் புதுப் பிள்ளைகள் முதல் பாடத்துக்கு வருகிறார்கள்.

2. என் வீரச் செயல்கள்

கதவு செய்து கொடுத்த சலீம் பாயை ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஓடி வரச் சொன்னேன். வந்தார், கை தட்டிப் பார்த்தார், ரசித்தார்.

“சூப்பரா கீது சார். கல்யாண மண்டபம் கணக்கா கீது.”

“பாய், அதுதான் பிரச்சனையே!”

“இதுக்கு ஏன் சார் மூஞ்சி இப்படிப் போவுது? நாலு ஜமுக்காளம் தொங்க உடு.”

என் வீட்டுப் போர்வைகள், மெத்தை, மனைவிக்குத் தெரியாமல் இரண்டு பட்டுப்புடவை, எல்லாவற்றையும் கொண்டுவந்து கட்டினேன். நவீனக் கட்டடக்கலை சலவைக் கடையானது. சத்தம் கொஞ்சம் குறைந்தது. மானம் முழுசாகப் போனது.

வாத்தியாரின் மனைவி ஜயா மாமி காபியோடு வந்தார். “ஐயய்யோ, மூச்சு முட்டறதே! கதவைத் திறந்தா என்னவாம்?”

“வேண்டாம் மாமி, மூடி இருந்தாத்தான் லுக்...”

“லுக்காவது ஒண்ணாவது! பாய், தள்ளுங்கோ!”

போர்வைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு சலீம் பாய் கதவுகளைத் தள்ளினார். மூன்று பக்கக் கண்ணாடியும் மடிந்து ஓரத்துக்குப் போனது. கணேசன் சார் மறுபடி தட்டினார். ‘தொம்.’ ஒன்றே ஒன்று. கூடம் வாயைத் திறக்கவில்லை.

3. மூன்றாவது மாடி

அடுத்த பயம் உடனே பிடித்துக்கொண்டது. சுற்றிலும் ஃபிளாட்கள். எட்டு மிருதங்கம் சேர்ந்து முழங்கினால் சண்டைக்கு வர மாட்டார்களா?

காலையில் பிள்ளைகள் ‘தா தீ தொம் நம்’ ஆரம்பித்தார்கள். பால்கனிகளில் ஒவ்வொரு தலையாக முளைத்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் தூண் மெலிசு. மூன்றாவது மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்:

“கணேசா! கடைசிப் பொண்ணு ‘நம்’மை முழுங்கிட்டாடா!”

“எனக்குக் காது இருக்குடா! நீ காபியைக் குடி!”

எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதிர் பால்கனியில் ஒரு கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தக் கதவுகளை இப்போது மழைக்கு மட்டும்தான் மூடுகிறார்கள். எனக்கும் புத்தி வந்தது. பழைய வீட்டோடு எதைச் சேர்ப்பதானாலும், அங்கே நடக்கப்போகிற காரியத்தை ஒருமுறை கண்முன்னால் நடத்திப் பார்க்காமல் பென்சிலைத் தொடுவதில்லை. போன மாதம் பெசன்ட் நகரில் ஒரு பழைய வீட்டுக்குச் சமையலறை கேட்டார்கள். முதலில் மிளகாய் தாளிக்கச் சொன்னேன். தும்மிக்கொண்டே ஜன்னலுக்கு இடம் குறித்தேன்.